நாற்பது பூஜ்யங்களும் ஒரு குதிகாலும்

ஈஸ்டர் காலையில் ஆட்டுக்கறி கொதிக்கிற ஓசையை நான் கோயில் மணிக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். நாற்பது நாள் கீரையிலும் பருப்பிலும் அடங்கிக் கிடந்த வீடு. குக்கரின் முதல் விசிலுக்கே கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியொரு காலை. தட்டில் இட்லி, இட்லிமேல் குழம்பு, குழம்பில் மிதந்த எண்ணெய் வட்டங்களில் குட்டிக் குட்டியாய் ட்யூப்லைட். என் கணவர் அமல் நல்லி எலும்பை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் பார்த்து, எடுத்துக்கொள்ளலாமா என்று வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் மகள் ஜெனி வந்தாள். அப்போது பதினொரு வயது. ஈஸ்டருக்கு எடுத்த புது கவுன், தலையில் இன்னும் ஈரம். உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தாள். பரீட்சை மார்க்கைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அம்மா, எனக்குக் கால் வலிக்குது."

அமலின் கை நல்லிக்கு மேலே நின்றது. "எப்பத்திலேர்ந்து?"

"எப்பவும்தான்ப்பா."

"தெனம் ஜீரோ, ஜீரோன்னு எழுதிகினு இருந்தியே."

"அது தவக்காலம்ப்பா. இப்ப முடிஞ்சிடுச்சில்ல. இனிமே சொல்லலாம்."

சொல்லிவிட்டு நல்லியை அவள் எடுத்துக்கொண்டாள்.

இந்த ஒரு நிமிடத்தைப் புரியவைக்க நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பின்னால் போவது எனக்குப் பிடிக்கும் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போகிற வழியில் எங்கெங்கேயோ நிற்பேன் என்பதும்.

ஷூவைப் படித்த மெக்கானிக்

அமலுக்கு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. டயரைப் பார்த்து வண்டியின் குணத்தைச் சொல்லிவிடுவார். டிரைவர் கோபக்காரனா, ரோடு மேடு பள்ளமா, அச்சு சாய்ந்திருக்கிறதா எல்லாம் அந்தக் கறுப்பு ரப்பரில் எழுதியிருக்குமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனியின் பள்ளி ஷூவுக்கு பாலிஷ் போட உட்கார்ந்தவர், பாலிஷை மறந்துவிட்டார். வலது ஷூவைக் கவிழ்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா இது, உள்பக்கம் மட்டுமே தேஞ்சிகினு வருது. இந்தக் காலு அலைன்மெண்ட் அவுட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜெனியை வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லி, பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நானும் குந்தினேன். கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தது, தூக்கத்தில் பக்கத்து ஆள் தோளில் தலை சாய்க்கும் பஸ் பயணி மாதிரி.

அப்போதுதான் எனக்கு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த வருடம் ஜெனி நொண்டி ஆட்டத்தை விட்டிருந்தாள். ஸ்கிப்பிங் கயிற்றைப் பக்கத்து ஃப்ளாட் குழந்தைக்குக் கொடுத்திருந்தாள். பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டால், "போர் அடிக்குதும்மா." வலி என்ற சொல்லைக் குழந்தைகள் எளிதில் எடுப்பதில்லை. பிடிக்கவில்லை என்பார்கள், தூக்கம் வருகிறது என்பார்கள். வலி அந்தச் சொற்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். நாம்தான் பார்க்கமாட்டோம்.

சோடா பாட்டில் பயிற்சி

தட்டைப் பாதம் என் வீட்டுச் சொத்து. என் அண்ணன் சகாயம் அதற்கு மூத்த வாரிசு.

அண்ணனுக்கு வாலிபத்தில் போலீஸ் ஆசை. ஆவடிப் பக்கம் வளர்கிற பையன்களுக்கு அந்த ஆசை தண்ணீரிலேயே கலந்து வரும். காலையில் கண்ணைத் திறந்தால் ரோட்டில் யாராவது காக்கி அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். தட்டைப் பாதம் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் காலி கோலி சோடா பாட்டிலைத் தரையில் போட்டு, அதன்மேல் உள்ளங்காலை உருட்ட ஆரம்பித்தான். சாப்பிடும்போது உருட்டுவான். ரேடியோ கேட்கும்போது உருட்டுவான். தினமும் காலை நனைத்துப் பழைய பேப்பரில் மிதித்து, குழிவு வந்துவிட்டதா என்று தடத்தைப் பார்ப்பான். எங்கள் வீட்டுச் செய்தித்தாள் முழுக்க அண்ணனின் ஈரப் பாதங்கள். தலைவர்களின் படங்கள் மேலெல்லாம் சப்பை சப்பையாக.

குழிவு வரவில்லை. தேர்வில் ஈரக்காலோடு பலகையில் நிற்கச் சொன்னார்களாம். நின்றான். அடுத்தவரை வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இப்போது திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறான். வாழ்க்கையில் ஒரு நாள்கூட அவனுக்குக் கால் வலித்ததில்லை. ஆகவே ஜெனியின் கால் விஷயம் தெரிந்ததும் அவன்தான் முதல் எதிர்க்கட்சி.

"எனுக்கும் சப்பக்காலுதான் கீது. நான் இன்னா செத்தா பூட்டேன்? கொயந்த காலப் போயி டாக்டராண்ட காட்றேங்கிற. மச்சான், இதெல்லாம் உன் வேலதான?"

அமல் நிதானமாகச் சொன்னார்: "உன் வண்டி சத்தம் போடல மச்சான். ஓட்டு. இவ வண்டி சத்தம் போடுது."

ஒளிந்திருந்த வளைவு

குழந்தைகளின் எலும்பைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். என்னைவிடக் குள்ளம். காலில் விளையாட்டு ஷூ. ஜெனியிடம் முதலில் கேட்டது, "எங்க, நுனிக்கால்ல நில்லு பாக்கலாம். மேல இருக்கிற மாம்பழத்தைப் பறிக்கிற மாதிரி."

ஜெனி எம்பினாள். நான் குனிந்து பார்த்தேன். பாயைப் போலத் தரையோடு ஒட்டியிருந்த உள்ளங்கால், மெதுவாக, ஒரு புருவம் உயர்வதுபோல் எழுந்தது. அங்கே ஒரு வளைவு. அழகான, சின்ன வளைவு. பதினொரு வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நின்றால் ஒளிந்துகொள்ளும், எம்பினால் வெளியே வரும். யாருக்காவது உள்ளங்காலைப் பார்த்து அழுகை வருமா? எனக்கு வந்தது.

"இது நல்ல செய்தி" என்றார் டாக்டரம்மா. "பாதம் விறைப்பா இல்ல, வளையுது. இந்த மாதிரி நிறைய பேருக்கு வைத்தியமே தேவைப்படாது. இவளுக்கு வலி இருக்கிறதாலதான் யோசிக்கணும். முதல்ல கத்தி இல்லாம பாப்போம்."

ஷூவுக்குள் வைக்க வளைவுள்ள அட்டை கொடுத்தார். குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு இறுகியிருப்பதாகச் சொல்லி, சுவரில் கை ஊன்றி காலை நீட்டும் பயிற்சி கொடுத்தார். ஜெனி தினமும் சுவரைத் தள்ளினாள். சுவர் நகரவில்லை, வலியும் நகரவில்லை. மாதங்கள் போயின. கிறிஸ்துமஸ் வந்தது. குடிலைப் பார்க்கக் கோயிலைச் சுற்றி நடந்தவள் பாதியில் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த முறை டாக்டரம்மா பிளாஸ்டிக் எலும்புப் பாதத்தை மேஜையில் வைத்தார்.

"குதிகால் எலும்பை இந்த இடத்துல குறுக்க வெட்டுவோம். கொஞ்சம் விலக்கி, இடையில ஆப்பு மாதிரி ஒரு எலும்புத் துண்டை வைப்போம். அந்தத் துண்டை அவ இடுப்பெலும்புலேர்ந்தே எடுத்துக்கலாம். வெளிப்பக்கம் நீளமானா பாதம் உள்ளே சாயறது நின்னுடும், வளைவு எழும்பும். இறுகின நரம்பையும் கொஞ்சம் நீட்டி விட்டுடுவோம்."

அமலின் முகம் மலர்ந்தது. "ஷிம் வெக்கிறீங்க."

"ஷிம்மா?"

"மெஷினு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அடியில மெலிசா ஒரு தகடு வெச்சி நேராக்குவோம் டாக்டர். அதுதான் ஷிம்மு."

டாக்டரம்மா பிளாஸ்டிக் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதேதான்."

மே மாத விடுமுறையில் ஒரு தேதி குறித்தார். வலது காலுக்கு மட்டும். இடது காலும் தட்டைதான், ஆனால் அது வலிக்கவில்லை. கடைசியாக ஒரு தாள் தந்தார். தினமும் மாலையில் ஜெனி தன் வலிக்கு மார்க் போடவேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. "ஆபரேசனுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டு முடிவு பண்ணுவேன்."

தாளை ஃப்ரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டினோம். முதல் வாரம் ஐந்து, ஆறு, ஏழு, ஆறு.

அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. அன்றிலிருந்து பூஜ்யம்.

பூஜ்யங்களின் ஊர்வலம்

அந்தப் பூஜ்யங்களை நாங்கள் எவ்வளவு ஆசையாகப் பார்த்தோம் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது ஒருமுறை, மூடும்போது ஒருமுறை. உருண்டை உருண்டையாக, ஜெனியின் அழகான கையெழுத்தில், முத்துமாலை மாதிரி. அட்டை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றேன் நான். பயிற்சிதான் என்றார் அமல். அண்ணன் வந்து ஃப்ரிட்ஜ் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். இன்னாத்துக்கு கத்தி?"

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிற்றுக்கு அடுத்த நாள் தாளோடு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் தாளைப் பார்த்தார். பாதத்தை அழுத்தினார். "வலிக்குதா?"

"பரவாயில்ல டாக்டர்."

"இங்க?"

"பரவாயில்ல டாக்டர்."

"வலி இல்லைன்னா நான் கை வைக்கமாட்டேன்" என்று டாக்டரம்மா மே மாதத் தேதியை அடித்துவிட்டார். திரும்பி வரும்போது, மெட்ரோ தூண்களுக்கு நடுவே பூந்தமல்லி ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்ற அந்த ஒரு மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஜெனி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள்.

இனி அந்த ஈஸ்டர் காலைக்குத் திரும்பலாம். நல்லி இப்போது ஜெனியின் தட்டில் இருக்கிறது.

மாமாவுக்காக

"சாக்லேட் விட்டிருக்கலாமேடி" என்றேன்.

"எங்க மறைக்கல்வி கிளாஸ்ல எல்லாரும் சாக்லேட்தான் விட்டாங்க. கஷ்டமானதை விட்டாத்தான் ஒறுத்தல்னு டீச்சர் சொன்னாங்க. நான் வலிக்குதுன்னு சொல்றதை விட்டேன்."

"டாக்டராண்ட பொய் சொன்னியா?" என்றார் அமல்.

"இல்லப்பா. பரவாயில்லன்னுதான் சொன்னேன். ஜீரோ போட்டதுதான் பொய். அதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். வீட்ல சொல்லும்மான்னாரு ஃபாதர். ஈஸ்டர் அன்னிக்கு சொல்றேன்னு சொன்னேன்."

ஆக, ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. பாவ அறிக்கையில் கேட்டதைப் பற்றி வெளியே வாயைத் திறக்கக்கூடாத பாதிரியார்.

அப்போது பிரியாணி டப்பாவோடு அண்ணன் உள்ளே வந்தான். எங்கள் முகங்களைப் பார்த்து, "இன்னா, யாரு ஊட்ல இன்னா ஆச்சு?" என்றான். சொன்னோம்.

"யாருக்காவடி இப்டி பண்ண?" என்று கேட்டான்.

"உங்களுக்காகத்தான் மாமா."

அந்தத் தவக்காலத் தொடக்கத்தில் அண்ணனின் வேனுக்கு எஃப்.சி. கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சான்று அது. இல்லாவிட்டால் வண்டியை எடுக்க முடியாது. ஒருமுறை பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், இன்னொருமுறை அடித்தட்டில் துரு. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு அவன் ஜெனியிடம் சொல்லியிருக்கிறான்: "உன் கால் வலிய ஆண்டவராண்ட ஒப்புக்குடுடி. மாமனுக்கு எஃப்.சி. கெடைக்கட்டும்."

"நான் தமாசுக்கு சொன்னேண்டி."

"ஆனா கெடச்சிடுச்சில்ல?"

கிடைத்திருந்தது. மூன்றாவது வாரமே. அந்த எஃப்.சி.யோடு அவன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் எத்தனை நடை அடித்தானோ. அண்ணன் பிரியாணி டப்பாவை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தான். அங்கே ஒட்டியிருந்த பூஜ்யங்களைப் பார்த்தான். பால்கனிக்குப் போய் ரொம்ப நேரம் யாருடைய துணியையோ பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"மச்சான், வண்டிய எடுக்கறேன். டாக்டராண்ட போலாம், கெளம்பு."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம மச்சான்."

"நாளைக்கி காலீல ஆறு மணிக்கி வந்துகினே இருப்பேன். ரெடியா இரு."

தெரிந்தவள் ஒருத்தி

இந்த முறை டாக்டரம்மா எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டார். ஜெனியும் அவரும் மட்டும் உள்ளே. கதவுக்கு வெளியே நாங்கள் மூவரும் பெஞ்சில், ஹெட்மாஸ்டர் அறை வாசலில் மாட்டிய பையன்கள் மாதிரி. பத்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு டாக்டரம்மாவின் சிரிப்பு. பெரிய சிரிப்பு.

எங்களைக் கூப்பிட்டபோது அவர் சிரிப்பை முடித்திருந்தார்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட வலியைக் கூட்டிச் சொல்ற குழந்தைங்களைப் பாத்திருக்கேன். இது எனக்குப் புதுசு. தப்பு என்னோடதும்தான். காகிதத்தைப் பாத்த நேரம் முகத்தைப் பாத்திருக்கணும்." ஜெனி பக்கம் திரும்பினார். "தட்டையா இருக்குன்னு நான் யாருக்கும் ஆபரேசன் பண்றதில்ல. வலிக்குதுன்னுதான் பண்றேன். எக்ஸ்ரேல வலி தெரியாதும்மா. இந்த ரூம்ல அது தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். நீ சொல்லலைன்னா நான் குருடு. புரியுதா?"

ஜெனி தலையாட்டினாள். பிறகு விரலை வைத்துக் காட்டினாள்: இங்கே, இங்கே, ஓடினால் இங்கே. எனக்குத் தெரியாத இடங்கள். தினமும் நான் எண்ணெய் தேய்த்து விட்ட கால் அது.

பழைய தேதி இன்னொரு குழந்தைக்குப் போய்விட்டிருந்தது. காத்திருக்கச் சொன்னார்கள். மே இரண்டாம் வாரம் ஒரு மதியம், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் லேபிள் அச்சகத்துக்கு போன் வந்தது. யாரோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு இடம் காலி, நாளை மறுநாள் வரமுடியுமா? ஊறுகாய் லேபிளில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். அந்த ஊறுகாய் என்ன பெயரில் கடைக்குப் போனதோ.

ஷிம்

ஆபரேசன் நடந்த நேரம் முழுவதும் அமல் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இருந்தார். அங்கே நின்ற அத்தனை கார்களின் டயரையும் குனிந்து பார்த்தார். வாட்ச்மேன் இரண்டு முறை வந்து விசாரித்தார். மூன்றாவது முறை அவரே தன் சைக்கிளைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணன் வேனுக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினான். நான் படியில் உட்கார்ந்து ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உலகத்தில் அதிகம் களைப்பு தரும் வேலை.

டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். அமலைத் தேடிச் சொன்னார்: "உங்க ஷிம் சரியா உட்கார்ந்துடுச்சு."

முழங்கால் வரை நீல நிற மாவுக்கட்டு. காலைக் கீழே ஊன்றக்கூடாது, பல வாரம். அந்த வாரங்களுக்கு அண்ணன்தான் ராஜா. ஜெனியை அவன்தான் மாடியிலிருந்து தூக்கி இறக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனின் பின் சீட்டில் தலையணை போட்டு, காலை நீட்டி வைத்து, ஒரு நடை கூட்டிப்போவான். ஏறுகிற ஜனங்களிடம் அவனே அறிவிப்பான்: "அந்த சீட்டு ரிசர்வுபா. என் மருமவ காலு ஒக்காந்துகினு கீது."

கட்டைப் பிரித்த நாளில் உள்ளேயிருந்து மெலிந்த, வெளுத்த, தோல் உரிந்த ஒரு கால் வந்தது. "இன்னாடி இது, முருங்கக்கா மாரி கீது" என்றான் அண்ணன். ஜெனி மாமனை அந்தக் காலாலேயே உதைக்கப் பார்த்து, நர்ஸிடம் திட்டு வாங்கினாள்.

ஊன்ற அனுமதி கிடைத்த அன்று அவளைக் கூடத்தில் நிற்க வைத்தோம். அமல் தரையில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, போன் டார்ச்சை அடித்து, அவள் உள்ளங்காலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"வெளிச்சம் வருதுடி."

நானும் படுத்தேன். சில்லென்ற டைல்ஸ். எறும்பின் உயரத்திலிருந்து பார்த்தேன். மகளின் பாதத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு சின்னப் பாலம். அதன் அடியில் வெளிச்சம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆறாவது

நடை மெல்ல வந்தது. அட்டை வைத்த ஷூ, மறுபடி சுவரைத் தள்ளும் பயிற்சி, படிக்கட்டு, பிறகு தெருமுனை. ஓடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மழைக்காலம் முடிந்திருந்தது.

தை மாதத்தில் பள்ளி விளையாட்டு விழா. நூறு மீட்டருக்கு ஜெனி பெயர் கொடுத்திருந்தாள். எங்களிடம் சொல்லவே இல்லை, சீருடையில் நம்பர் தைக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. அமல் டிப்போவில் லீவு போட்டார். அண்ணன் வேனையே நிறுத்திவிட்டு வந்தான். எங்கள் மூவருக்கும் உள்ளே ஒரே சினிமா ஓடியது: கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு முதலில் வருகிற ஜெனி.

விசில் ஊதியது. ஆறு பெண்கள் ஓடினார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வலது காலைத்தான் பார்த்தேன். மண்ணை மிதித்தது, எழுந்தது. மிதித்தது, எழுந்தது. நேராக. நான் மூச்சு விட்டபோது மற்ற ஐந்து பேரும் கோட்டைத் தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது. ஜெனி ஆறாவதாக வந்தாள், நல்ல இடைவெளி விட்டு.

அண்ணன் வாயில் வைத்திருந்த கை அப்படியே இருந்தது. "வலிச்சிருக்குமோ?" என்றான். மூவரும் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினோம்.

ஜெனி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவப்பு.

"வலிக்குதாடி? எங்க வலிக்குது? உண்மையச் சொல்லு" என்றேன்.

அவள் காலை உதறிப் பார்த்தாள். இன்னொருமுறை உதறினாள். யோசித்தாள். எங்களுக்கு நியாயமான பதிலைத் தரவேண்டும் என்பதுபோல் நன்றாக யோசித்தாள்.

"கால் ஒண்ணும் வலிக்கலம்மா. எனக்கு ஓடத் தெரியல, அவ்ளோதான்."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். அமலும். பக்கத்தில் நின்ற பெற்றோர் கடைசியாக வந்த குழந்தையின் குடும்பம் இப்படிச் சிரிப்பதைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஜெனிக்கு எங்களோடு நிற்க நேரமில்லை. முதலில் வந்த பெண் புல்லில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் போய் மண்டியிட்டு ஜெனி கேட்டுக்கொண்டிருந்தாள்:

"விசில் ஊதின உடனே நீ எந்தக் காலை முதல்ல எடுக்குற?"